பேச்சுக்கு நடுவே வைஃபை போனால் அழைப்பு ஏன் சாகவேண்டும்?

இணையம் வழியாகப் பேசும் செயலி ஒன்றை எழுதி முதல் அழைப்பை ஓடவைப்பது இப்போது பெரிய விஷயமே இல்லை. நல்ல நூலகங்கள் இருக்கின்றன, மாதிரி நிரல்கள் இருக்கின்றன, இரண்டு போன்களையும் ஒரே வைஃபையில் போட்டு “ஹலோ, கேக்குதா” என்றால் கேட்கும். தலைவலி ஆரம்பிப்பது பேசிக்கொண்டே ஒருவர் வாசலைத் தாண்டும்போது. வைஃபை விட்டுப்போகிறது, மொபைல் டேட்டா வருகிறது, போனின் ஐபி முகவரி மாறிவிட்டது. சர்வரும் எதிர்முனையும் பழைய முகவரிக்கே பாக்கெட் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. திரையில் அழைப்பு நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், காதில் ஒரு சத்தமும் இருக்காது.

இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மாற்றத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது சுலபமான பாதி. கஷ்டமான பாதி வேறு: இயங்குதளம் கொண்டுவரும் சேதியை எவ்வளவு நம்புவது, நம்பிய பிறகு எதை முதலில் சரிசெய்வது, எதைத் தொடாமல் விடுவது.

முதலில் எது முகவரியோடு கட்டுண்டு கிடக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்த்துவிடலாம். அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் சேதி பரிமாறும் சிப் நெறிமுறையில் (2002-இல் வந்த ஆர்எஃப்சி 3261 என்ற இணையத் தர ஆவணத்தைத்தான் சொல்கிறேன்) ஓர் அழைப்பை அடையாளம் காட்டுபவை மூன்றே மூன்று: கால்-ஐடி, இரு முனைகளின் டேக்குகள். அவ்வளவுதான். இதில் ஐபி முகவரிக்கு வேலையே இல்லை. கால்-ஐடிக்குள் சில நேரம் முகவரி மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் அது வெறும் எழுத்துச் சரம், யாரும் அதைப் பிரித்துப் படிப்பதில்லை. அப்படியானால் முகவரி மாறியதும் செத்துப்போவது எது என்றால், சர்வரோடு இருக்கும் டிசிபி அல்லது டிஎல்எஸ் இணைப்பு, ரெஜிஸ்டர் கோரிக்கையால் சர்வரில் பதிவான கான்டாக்ட் (நம்மை எங்கே தேடவேண்டும் என்ற முகவரி), எஸ்டிபியில் (சேதியோடு போகும் மீடியா விவரக் குறிப்பில்) குரல் பாக்கெட்டுகளுக்காகச் சொன்ன முகவரியும் போர்ட்டும், நேரடிப் பாதை இல்லாதபோது பாக்கெட்டுகளை நடுவிலிருந்து கைமாற்றும் டர்ன் சர்வரில் வாங்கிவைத்த இடம், உள் முகவரியை வெளி முகவரியாக மாற்ற வழியில் இருக்கும் நேட் பெட்டியின் நினைவு. இவை எல்லாமே அழைப்பைச் சுற்றியிருக்கும் சாமான்கள். அழைப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆகவே முகவரி மாறியதும் “அழைப்பு துண்டிக்கப்பட்டது” என்று திரையில் காட்டும் செயலியைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். துண்டித்தது நெட்வொர்க் இல்லை, எழுதியவரின் சோம்பேறித்தனம்.

சரி, கண்டுபிடிப்பது. ஆண்ட்ராய்டில் கனெக்டிவிட்டி மேனேஜரிடம் நெட்வொர்க் கால்பேக் ஒன்றைப் பதிவுசெய்தால் போதும், ஐஓஎஸ் 12-இலிருந்து என்டபிள்யூ-பாத்-மானிட்டர் இருக்கிறது, லினக்ஸில் நெட்லிங்க் சாக்கெட்டில் காத்திருந்தால் முகவரி வந்ததும் போனதும் தெரியும், விண்டோஸிலும் இதற்கென்று அழைப்புகள் உண்டு. இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

சேதி வந்த பிறகுதான் கதை. நான் இயங்குதளத்தின் அறிவிப்பை வதந்தியாகத்தான் எடுத்துக்கொள்வேன். விசாரிக்க ஒரு காரணம், அதற்குமேல் இல்லை. ஏனென்றால் மடிக்கணினியில் கன்டெய்னர் ஒன்று எழுந்தால் ஒரு மெய்நிகர் இடைமுகம் பிறக்கும், அது உங்களுக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் அறிவிப்பு வரும். ஐபிவி6-இல் தனியுரிமைக்காகத் தற்காலிக முகவரிகள் அவ்வப்போது புதிதாக உருவாகும், அதற்கும் வரும். ஹோட்டல், விமான நிலைய வைஃபைகளில் இணைந்தவுடன் “நெட்வொர்க் கிடைத்துவிட்டது” என்று சேதி வரும், ஆனால் அங்கே உள்நுழைவுப் பக்கத்தைத் தாண்டாமல் ஒரு பாக்கெட்டும் வெளியே போகாது. ஆண்ட்ராய்டில் அந்த நெட்வொர்க் உண்மையிலேயே இணையத்தைத் தொடுகிறதா என்று சரிபார்த்ததற்கான அடையாளம் தனியாக வரும்; அது வரும்வரை ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பை அங்கே நகர்த்தக்கூடாது. இப்படி ஒவ்வொரு சேதிக்கும் துள்ளிக் குதித்து எல்லாவற்றையும் இடித்துக் கட்டினால், மாற்றமே நடக்காத இடத்தில் நாமே அழைப்பைக் கெடுத்துக்கொண்டிருப்போம்.

விசாரிக்க ஒரு சின்ன வித்தை இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ஒரு யுடிபி சாக்கெட்டை (இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட் அனுப்பும் வகை) திறந்து சர்வரின் முகவரிக்கு கனெக்ட் கொடுங்கள். யுடிபியில் கனெக்ட் என்பது வலையில் ஒரு பைட்டைக்கூட அனுப்பாது, கெர்னல் தன் ரூட்டிங் அட்டவணையைப் பார்த்து இந்த முகவரிக்குப் போக எந்த மூல முகவரியைப் பயன்படுத்தும் என்று முடிவு செய்துகொள்ளும், அவ்வளவுதான். உடனே கெட்-சாக்-நேம் கேட்டால் அந்த மூல முகவரி கையில் வந்துவிடும். போன தடவை வந்த முகவரியும் இப்போது வந்ததும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலான வதந்திகளை அங்கேயே குப்பையில் போடலாம். பெரும்பாலான என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு வைஃபையிலிருந்து இன்னொரு வைஃபைக்குத் தாவும்போது இரண்டிலும் 192.168.1.5 என்றே முகவரி கிடைக்க முடியும். உள்ளே அதே எண், வெளியே முற்றிலும் வேறு நேட். அதனால் முகவரியோடு நெட்வொர்க்கின் அடையாளத்தையும் சேர்த்து ஒப்பிடவேண்டும். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் இயங்குதளமே தனி அடையாளம் கொடுக்கிறது, அதை வைத்துக்கொள்ளலாம்.

சேதிகள் கூட்டமாகவும் வரும். ஒரே மாற்றத்துக்கு முகவரி போனது, வந்தது, டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) மாறியது, ரூட் மாறியது என்று வரிசையாகக் கொட்டும். ஒரு விநாடிக்கும் குறைவான இடைவெளி விட்டு எல்லாம் அடங்கியதும் விசாரித்தால் போதும். ஆனால் இதற்காக மூன்று நான்கு விநாடி காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது அதிகம். பேச்சு நடுவே நான்கு விநாடி மௌனம் என்றால் மனிதர்கள் “ஹலோ ஹலோ” சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள்.

இதற்கு நேர் எதிரான நிலைமை இன்னும் மோசம்: நெட்வொர்க் செத்துவிட்டது, சேதியே வரவில்லை. ரவுட்டரை விட்டு மெதுவாக விலகிப் போகும்போது வைஃபை சட்டென்று அறுந்துபோகாது. ஒரு கோட்டில் தொங்கிக்கொண்டு கிடக்கும், இடைமுகம் உயிரோடு, முகவரி அப்படியே, பாக்கெட் மட்டும் போகாது. இயங்குதளத்தைப் பொறுத்தவரை எல்லாம் நலம். இங்கே நம்பத் தகுந்த சாட்சி குரல் பாக்கெட்டுகள் மட்டுமே. உள்ளே வரும் ஆர்டிபி (குரலைச் சுமக்கும் பாக்கெட் ஓட்டம்) இரண்டு மூன்று விநாடி நின்றுபோனால், மௌனத்தில் பாக்கெட் அனுப்பாத அமைப்பு இரு பக்கமும் இல்லையென்றால், ஏதோ உடைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். உலாவிகளுக்குள் பேசப் பயன்படும் வெப்ஆர்டிசியில் இதற்கு ஒரு முறையான ஏற்பாடு இருக்கிறது: சுமார் 5 விநாடிக்கு ஒருமுறை ஸ்டன் என்ற சோதனைப் பாக்கெட் அனுப்பி எதிர்முனை இன்னும் சம்மதிக்கிறதா என்று கேட்பது, 30 விநாடி பதில் இல்லையென்றால் அந்தப் பாதையில் அனுப்புவதையே நிறுத்திவிடுவது. ஆர்எஃப்சி 7675 சொல்வது இது. 30 விநாடி என்பது எதிர்முனைக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருப்பதற்கான எல்லை, பேசுபவருக்கான எல்லை இல்லை. நிலை “டிஸ்கனெக்டட்” என்று மாறியதுமே, “ஃபெயில்ட்” வரும்வரை காத்திருக்காமல், அடுத்த பாதையைத் தேட ஆரம்பித்துவிடுவது நல்லது.

இனி பழுதுபார்க்கும் வரிசை. சர்வரோடு இருக்கும் டிசிபி இணைப்பு முதலில். மூல முகவரி போய்விட்ட சாக்கெட் இருக்கிறதே, அது பல நேரம் செத்ததைச் சொல்லாது. அதில் எழுதினால் கெர்னல் வாங்கிக்கொண்டு “சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே மறுபடி மறுபடி அனுப்ப முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸின் இயல்பு அமைப்பில் 15 மறுமுயற்சிகள், அதாவது கைவிட ஏறக்குறைய 15 நிமிடம். சிப் அடுக்கு அதற்கு முன்பே சலித்துவிடும்: பதில் வராத கோரிக்கையை 32 விநாடியில் கைவிடும், அரை விநாடி என்ற அடிப்படை அளவை 64-ஆல் பெருக்கினால் வருவது அது. நமக்கு 32 விநாடியும் கட்டுப்படியாகாது. அதனால் பழைய மூல முகவரி உண்மையிலேயே போய்விட்டது என்று தெரிந்தவுடன் அந்த இணைப்பை நாமே மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கவேண்டும்.

ஆனால் எப்போதும் மூடக்கூடாது, இதைக் கவனியுங்கள். வைஃபையிலிருந்து மொபைலுக்குப் போவதும் மொபைலிலிருந்து வைஃபைக்கு வருவதும் ஒரே மாதிரி இல்லை. முதலாவதில் பெரும்பாலும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிடும், பழையது போய்ப் புதியது எழுந்திருக்கவேண்டும். இரண்டாவதில் ஆண்ட்ராய்டு மொபைல் இணைப்பைக் கொஞ்ச நேரம் உயிரோடு வைத்திருக்கும், இரண்டும் ஒரே சமயத்தில் வேலை செய்யும். அப்போது பழைய பாதையில் குரல் போய்க்கொண்டே இருக்கட்டும், புதிய பாதை முழுதாகத் தயாரானபின் மாறினால் கேட்பவருக்கு ஒரு எழுத்துகூடத் தவறாது. அவசரப்பட்டு எல்லா சாக்கெட்டையும் மூடிவிடும் நிரல், நெட்வொர்க் இலவசமாகக் கொடுத்த இந்த வசதியைத் தூக்கியெறிகிறது.

அடுத்து டிஎன்எஸ். இது மறந்துபோகிற இடம். நெட்வொர்க் மாறினால் டிஎன்எஸ் சர்வரும் மாறும். நூலகம் தனக்கென்று தனி டிஎன்எஸ் பகுதி வைத்திருந்தால் அது பழைய வைஃபை ரவுட்டரிடமே போய்க் கேட்டுக்கொண்டிருக்கும். இணைப்பு தோற்றது என்று பதிவேட்டில் வரும், ஆனால் காரணம் இணைப்பில் இருக்காது.

அப்புறம் ரெஜிஸ்டர், அதற்குப் பிறகு ரீ-இன்வைட் (ஓடும் அழைப்பின் விவரங்களை மாற்றச் சொல்லும் கோரிக்கை). சிலர் குரல்தான் முக்கியம் என்று ரீ-இன்வைட்டை முதலில் அனுப்புவார்கள். நான் ரெஜிஸ்டரை முதலில் அனுப்புகிற கட்சி, ஏனென்றால் பதிவில்லாத இடத்திலிருந்து வரும் கோரிக்கைகளை ஏற்காத சர்வர்கள் உண்டு, அதற்காகும் தாமதம் ஒன்றிரண்டு சுற்றுப் பயணம்தான். பிஜேசிப் என்ற சிப் நூலகமும் தன் ஐபி மாற்றக் கையாளலில் இதே வரிசையில்தான் போகிறது: முதலில் காதுகொடுக்கும் சாக்கெட்டுகள், பிறகு பதிவு, பிறகு ஓடும் அழைப்புகள்.

ரெஜிஸ்டரில் ஒரு பேய் உண்டு. பழைய கான்டாக்ட் சர்வரில் அதன் காலம் முடியும்வரை கிடக்கும். அடுத்து உங்களுக்கு அழைப்பு வந்தால் சர்வர் இரண்டு முகவரிக்கும் அனுப்பும், ஒன்று வெட்டவெளிக்கு. பழைய நெட்வொர்க் போய்விட்டதால் அங்கிருந்து பதிவை நீக்க முடியாது, ஆனால் புதிய நெட்வொர்க்கிலிருந்தே பழைய கான்டாக்டைக் குறிப்பிட்டுக் காலாவதி 0 என்று அனுப்பலாம், சிப் அதற்கு இடம் கொடுக்கிறது. நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் நீக்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், அதே கணக்கில் இருக்கும் மேசை போனின் பதிவும் சேர்ந்து போய்விடும். இதற்குச் சுத்தமான வழி 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5626: கருவிக்கு மாறாத ஓர் அடையாளமும் ஒரு பதிவு எண்ணும் சேர்த்து அனுப்பினால், முகவரி எதுவானாலும் புதியது பழையதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். சர்வர் இதை ஆதரிக்கவேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை.

குரலுக்கு வருவோம். ஐஸ் (இரு முனைக்கும் நடுவே ஓடக்கூடிய பாதையைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் முறை) இல்லாத எளிய அமைப்பில் ரீ-இன்வைட்டில் புதிய கான்டாக்ட், எஸ்டிபியில் புதிய முகவரி, வேலை முடிந்தது. நடைமுறையில் இன்னொன்றும் நடக்கும்: நடுவில் இருக்கும் பல மீடியா சர்வர்கள் எஸ்டிபி சொல்வதைவிடப் பாக்கெட் எங்கிருந்து வருகிறதோ அங்கேயே திருப்பி அனுப்பும். அதனால் புதிய சாக்கெட்டிலிருந்து பேச ஆரம்பித்தாலே, ரீ-இன்வைட் போவதற்கு முன்பே, குரல் திரும்பி வந்துவிடுவது உண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள், சில சர்வர்கள் முதலில் கண்ட முகவரியைப் பூட்டிவைத்துவிடும், அழைப்பை யாரும் நடுவில் திருடக்கூடாது என்பதற்காக.

ஐஸ் இருந்தால் ஐஸ் ரீஸ்டார்ட். புதிய பயனர் துண்டு, புதிய கடவுச்சொல், புதிய வழிகள். இதன் அழகு, புதிய வழி தேர்வாகும்வரை பழைய வழியில் மீடியா போகலாம் என்பதும், மறையாக்கத்துக்கான டிடிஎல்எஸ் கைகுலுக்கலை மறுபடி செய்யத் தேவையில்லை என்பதும். வெப்ஆர்டிசியில் ரீஸ்டார்ட்-ஐஸ் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுதிவிட்டு “வேலை செய்யவில்லையே” என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, சேதிகள் போகும் உங்கள் வெப்சாக்கெட் இணைப்பு மறுபடி இணைந்துவிட்டதா என்றுதான். புதிய ஆஃபர் (புது மீடியா விவரங்களைச் சொல்லும் சேதி) உருவாகும், செத்த வெப்சாக்கெட்டின் வரிசையில் போய் உட்காரும், எதிர்முனைக்கு எதுவும் தெரியாது. ரீஸ்டார்ட் தனக்கு வேண்டிய சேதிப் பாதையைத் தானே சரிசெய்துகொள்ளாது.

டர்ன் சர்வரில் வாங்கிய இடமும் முகவரி, போர்ட் சோடியோடு கட்டப்பட்டது, புது நெட்வொர்க்குக்குப் புதிதாக வாங்கவேண்டும். பழையது இயல்பாக 10 நிமிடம் அங்கேயே கிடக்கும். ஒருவர் ரயிலில் போகும்போது நெட்வொர்க் மாறிக்கொண்டே இருந்தால் பழைய இடங்கள் குவிந்து, ஒரு பயனருக்கான அளவு தீர்ந்து, சர்வர் 486 என்று மறுத்துவிடும். டர்னில் இடம்பெயர்வதற்கு ஒரு நீட்டிப்பு 2016-இலேயே வந்துவிட்டது, ஆர்எஃப்சி 8016, ஆனால் இரு பக்கமும் ஆதரவு இருந்தால்தான் உதவும். இல்லையென்றால் ஒரு பயனருக்கான அளவைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள்.

பாதை மாறியதும் பழைய வேகக் கணக்கையும் அழித்துவிடவேண்டும். வைஃபையில் கிடைத்த வேகத்தை நம்பி மொபைலில் வீடியோவைக் கொட்டினால், இணைப்பு மீண்டும் கிடைத்தும் குரல் திக்கித் திக்கி வரும்.

ஐபிவி6 தனிக் கதை. வைஃபையில் ஐபிவி4, மொபைலில் ஐபிவி6 மட்டும் என்பது இப்போது சாதாரணம். ஆப்பிள் 2016 ஜூன் முதல் ஐபிவி6 மட்டுமே உள்ள நெட்வொர்க்கிலும் செயலி வேலை செய்யவேண்டும் என்று கட்டாயமாக்கியது. பெயரைக் கேட்டு இணைந்தால், ஐபிவி4 முகவரிக்கு ஈடாக ஓர் ஐபிவி6 முகவரி தரும் டிஎன்எஸ்64 பார்த்துக்கொள்ளும். சிக்கல் எஸ்டிபிக்குள் எண்ணாகவே எழுதப்பட்டிருக்கும் ஐபிவி4 முகவரி: அங்கே டிஎன்எஸ்ஸுக்கு வேலையே இல்லை, அந்த எண்ணை நீங்கள்தான் நெட்வொர்க்கின் முன்னொட்டோடு சேர்த்து ஐபிவி6 முகவரியாக மாற்றவேண்டும். அழைப்பு ஐபிவி4-இல் தொடங்கி நடுவில் ஐபிவி6-க்கு மாறுவதைச் சோதிக்காதவர்கள் அதிகம், தொடக்கத்திலிருந்தே ஐபிவி6 என்றால் ஓடும் நிரல் இங்கே விழுந்துவிடும்.

மணி அடித்துக்கொண்டிருக்கும் அழைப்புதான் மிகக் கெட்டது. இன்வைட் (அழைப்பைத் தொடங்கும் கோரிக்கை) இன்னும் முடியவில்லை, அதனால் ரீ-இன்வைட் அனுப்ப முடியாது. நீங்கள் அழைத்தவர் என்றால், என் கருத்தில், சத்தமில்லாமல் அதை விட்டுவிட்டுப் புதிய நெட்வொர்க்கிலிருந்து மறுபடி அழைப்பதே மேல், திரையில் மணி ஒலி தொடரட்டும். நீங்கள் அழைக்கப்பட்டவர் என்றால் ஒரு குறும்புத்தனமான பழுது காத்திருக்கிறது. மணி அடிக்கும்போது முகவரி மாறுகிறது, நீங்கள் எடுக்கிறீர்கள், எடுத்துவிட்டதைச் சொல்லும் 200 ஓகே எப்படியோ போய்ச் சேர்கிறது, குரலும் வருகிறது. ஆனால் அந்த 200-க்குள் நூலகம் பழைய கான்டாக்டையே எழுதிவிட்டது. 200 கிடைத்தது என்று சொல்லும் எதிர்முனையின் ஏக் பழைய முகவரிக்குப் போகிறது, நீங்கள் 200-ஐத் திரும்பத் திரும்ப அனுப்புகிறீர்கள், 32 விநாடியில் உங்கள் பக்கமே சலித்துப்போய் அழைப்பை முடிக்கும் பை சேதியை அனுப்பிவிடுகிறது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த அழைப்பு சரியாக அரை நிமிடம் தாண்டியதும் அறுந்தது என்று யாராவது புகார் சொன்னால் குரல் பக்கம் தேடவே வேண்டாம், நேராக ஏக் எங்கே போனது என்று பாருங்கள்.

இரு முனையும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் இரண்டு ரீ-இன்வைட்டும் மோதிக்கொள்ளும், இன்னொரு கோரிக்கை பாதியில் நிற்கிறது என்ற 491 மறுப்பு இருவருக்கும் வரும். கால்-ஐடியை உருவாக்கியவர் 2.1 முதல் 4 விநாடிக்குள்ளும் மற்றவர் 2 விநாடிக்குள்ளும் ஏதோ ஒரு நேரத்தில் மறுபடி முயலவேண்டும் என்று விதி இருக்கிறது, அதை அப்படியே செய்தால் போதும். நிலையான முகவரியோடு நடுவில் ஒரு சர்வர் இருந்தால்தான் இதெல்லாம் சாத்தியம், நேருக்கு நேர் பேசும் இருவர் ஒரே சமயத்தில் முகவரி மாற்றினால் ஒருவரை ஒருவர் தேடிக்கொள்ள வழியே இல்லை.

நிரலில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அடித்துச் சொல்வேன். ஒவ்வொரு பழுதுபார்ப்புக்கும் ஒரு தலைமுறை எண் கொடுங்கள். பழுது பாதியில் இருக்கும்போது நெட்வொர்க் மறுபடி மாறும், கட்டாயம் மாறும். ஐந்தாம் தலைமுறை ஓடிக்கொண்டிருக்கும்போது நான்காம் தலைமுறையின் ரெஜிஸ்டர் “தோற்றுவிட்டேன்” என்று தாமதமாக வந்து சொல்லும், அதை நம்பி அழைப்பை முடித்துவிடும் நிரல்கள் ஏராளம். எண் பழையதா, பதில் எதுவானாலும் தூக்கிப் போடு. அதே மாதிரி எவ்வளவு நேரம் முயல்வது என்பதை நீங்கள் மட்டும் தீர்மானிக்க முடியாது, சர்வர் குரல் பாக்கெட் வராத அழைப்பைத் தானே முடித்துவிடும் காலவரை வைத்திருக்கும், அதற்குள் முடிக்கவேண்டும். அதைத் தாண்டியும் திரையில் “மீண்டும் இணைகிறது” என்று காட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

சோதிக்க விமானப் பயன்முறையை அழுத்தி விடுவது போதாது, அது சுத்தமான வெட்டு, எல்லா அறிவிப்பும் ஒழுங்காக வரும். லினக்ஸில் இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே கணினிக்குள் தனித்தனி வலைகள்) கட்டி, இடைமுகத்தை உயிரோடு வைத்துக்கொண்டே வலைக் கோளாறுகளைச் செயற்கையாக உண்டாக்கும் நெட்எம் வழியாகப் பாக்கெட் இழப்பை 20, 50, 90 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். 90-இல் வைத்துவிட்டு இரண்டாவது இடைமுகத்தை எழுப்புங்கள், குரல் திரும்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள், உடனே முதலாவதன் இழப்பைப் பூஜ்யமாக்குங்கள். நன்றாக இருக்கும் இரண்டு பாதைகளுக்கு இடையே செயலி முன்னும் பின்னும் தாவ ஆரம்பித்தால், மாறுவதற்கு முன் புதிய பாதை எவ்வளவு நேரம் நிலையாக இருக்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டை நீங்கள் இன்னும் எழுதவில்லை என்று அர்த்தம்.